மூடியில் பொட்டு இல்லாத கேன்

அந்தப் பெயிண்ட் கடையில் ஒரு சட்டம் இருந்தது. கலந்து முடித்த டப்பா எதுவாக இருந்தாலும், உள்ளே இருக்கும் நிறத்தைத் தொட்டு மூடியின் மேல் ஒரு பொட்டு வைத்துவிட வேண்டும். பொட்டு இருந்தால் பெயிண்ட். பொட்டு இல்லாத வெள்ளைக் கேன் என்றால் பெயிண்டை இளக்க ஊற்றும் தின்னர். திறந்து பார்க்க வேண்டியதில்லை, முகர்ந்து பார்க்க வேண்டியதில்லை. எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம்.

சட்டத்தைக் கொண்டு வந்தவர் கலர் மெஷினில் உட்காரும் ஷேடு. ஒரு முறை பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்குப் போக வேண்டிய கறுப்பு, புதிதாகக் கல்யாணமான ஒருவரின் படுக்கையறைக்குப் போய்விட்டது. ஒரு சுவர் முழுக்க அடித்து முடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மறுநாள் காலையில் பொட்டு அமலுக்கு வந்தது.

ஷேடு என்பது அவர் பெயரல்ல. எதைப் பார்த்தாலும் அதன் ஷேடு சொல்வார் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டம். சட்டைப் பொத்தானைக் கொண்டு வந்து காட்டினாலும், உடைந்த ஓட்டுத் துண்டைக் கொண்டு வந்து காட்டினாலும், நிறங்கள் அச்சிட்ட ஷேடு கார்டைப் பிரிக்காமலே நம்பரைச் சொல்வார். கடைக்கு அது லாபம். வெளியே அவ்வளவு லாபமில்லை. மைத்துனர் ஆசையாக வாங்கிய புது வண்டியைச் சுற்றி வந்து, "நம்ம கடை வாசல்ல போற கழிவுநீர்க் குழாய்க்கு இதே ஷேடுதான் அடிச்சோம்" என்றார். மைத்துனர் அதற்குப் பிறகு அந்த வண்டியில் அவர் வீட்டுக்கு வந்ததில்லை.

ஊருக்கே நிறம் சொல்லும் மனிதர் தன்னைப் பற்றிச் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. அவருக்கு ஹெச்.ஐ.வி. இருந்தது. எப்படி வந்தது என்பது அவரும் மனைவியும் கதவைச் சாத்திக்கொண்டு பேசி, அழுது, முடித்த விஷயம். அதை மறுபடி திறப்பதில்லை என்று இருவரும் வைத்திருந்தார்கள். மனைவிக்கு நோய் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதித்துக்கொள்வாள். அவர் தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார். வைரஸ் ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிப்போய்ப் பல வருஷமாயிற்று. சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம் மற்றவர்களைப் போலத்தான்.

ஆனாலும் மடியில் கனம் இருந்தது, வழியில் பயம் இருந்தது. முன்பு வேலை பார்த்த கடையில் யாருக்கோ எப்படியோ தெரிந்துவிட்டது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய டம்ளர் மட்டும் தனியாக ஜன்னலில் ஏறியது. பிறகு நாற்காலி வெளியே போனது. பிறகு, "வியாபாரம் கொஞ்சம் மந்தமா இருக்கு" என்றார்கள். அன்றைக்குக் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். அதனால் இந்தக் கடையில் யாருக்கும் தெரியக்கூடாது என்பதில் அவர் கல்லைப் போல இருந்தார். மெஷினுக்கு முன்னால் இருக்கும் அந்த நாற்காலிதான் அவருக்கு எல்லாம். அது வெளியே போகக்கூடாது.

தொல்லை அவர் வீட்டுக் கழிவறையில் ஆரம்பித்தது.

தினமும் காலையில் சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பது அவர் வழக்கம். வெளிர் மஞ்சள், கார்டில் இரண்டாவது பக்கம், மேலிருந்து மூன்றாவது. அதே ஷேடு வந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று கணக்கு. கொஞ்ச நாளாக நிறம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மேலே நுரை கட்டி நின்றது. அவர் யோசித்துப் பார்த்து, குற்றவாளியைப் பிடித்தார்.

"கழுவற மருந்தை அளவா ஊத்துன்னா கேக்க மாட்டேங்கற. பாரு, சோப்புத் தண்ணி மாதிரி நிக்குது."

மனைவி பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்காருபவள். நாள் முழுக்கச் சில்லறை இல்லாதவர்களோடு பேசிப் பழகிய நாக்கு.

"கடையில பாக்கற வேலையை அங்கயே பாத்து முடிச்சுட்டு வாங்க. கழிவறையில என்ன ஆராய்ச்சி?"

அவள் மருந்தை மாற்றினாள். நுரை போகவில்லை. இன்னொன்று வாங்கினாள். போகவில்லை. கடைசியில் மருந்தே ஊற்றாமல் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவினாள். நுரை அப்படியே நின்றது. "இதுக்குப் பேர்தான் குழாய்த் தண்ணில கலப்படம்" என்று அவர் முடித்துவிட்டார்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை போகும் கிளினிக்கில் ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். மறுமுறை போனபோது டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல சேதி கிடையாது.

"கிரியேட்டினின் ஏறியிருக்கு, கிட்னி சரியா வடிகட்டலைன்னு அர்த்தம். சிறுநீர்ல புரதம் போகுது. உங்களுக்கு நுரை நுரையா போகுதா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சொன்னாள்.

"போகுது டாக்டர். அதுக்கு நான் மூணு கம்பெனி மருந்து வாங்கிட்டேன்."

"கலர் சரியாத்தான் இருக்கு டாக்டர்," என்றார் ஷேடு.

"புரதத்துக்குக் கலர் கிடையாது. நுரைதான் அடையாளம்."

இத்தனை வருஷம் கார்டில் இல்லாத ஒன்றை அவர் பார்க்கவே பழகவில்லை. மனைவி அவர் பக்கம் திரும்பினாள். மூன்று விரலை விரித்துக் காட்டினாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ஹெச்.ஐ.வி. அடங்காமல் இருந்தால் அந்த வைரஸே சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவருக்கு அடங்கித்தான் இருக்கிறது. ஆனால் அதை அடக்கும் மாத்திரைகளில் ஒன்று, சிலருக்கு வருஷக்கணக்கில் போட்டால் சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யும். எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்ததை முடிவு செய்யலாம்.

"வேற ஏதாவது மாத்திரை போடறீங்களா?"

"இல்ல டாக்டர்."

"சரி. ஒரு முழு நாள் சிறுநீர் வேணும். காலையில எழுந்ததும் முதல்ல போறதைக் கொட்டிடுங்க. அதுக்கப்புறம் போறது அத்தனையும் ஒரே கேன்ல. மறுநாள் காலையில எழுந்து போறதோட முடிச்சு இங்க கொண்டு வாங்க. நடுவுல ஒரு தடவை கூடக் கேனுக்கு வெளிய போகக் கூடாது. குளிர்ச்சியான இடத்துல வைக்கணும். இங்க கேன் தீந்துபோச்சு. சுத்தமான அஞ்சு லிட்டர் கேனா நீங்களே பாத்துக்குங்க. வீட்ல இருக்கற நாளா வச்சுக்குங்க."

வீட்டில் இருக்கும் நாள் எது? மழை வருவதற்கு முன் வெளிச்சுவரெல்லாம் அடித்து முடிக்க ஊரே பறந்துகொண்டிருந்த சமயம். லீவு கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பொய், அந்தப் பொய்க்கு இன்னொரு பொய். அதைவிடக் கேனோடு வேலைக்குப் போவது சுலபம் என்று தோன்றியது.

கேன் விஷயத்தில் அவர் வெகு சுத்தம் பார்த்தார். வீட்டில் எண்ணெய் வைத்திருந்த கேன் ஒன்று இருந்தது. கழுவினாலும் நம்ப முடியாது. கடையில் தின்னர் நிரப்பி விற்பதற்காகப் புத்தம் புதுசாக வந்திறங்கிய வெள்ளைக் கேன்களில் ஒன்றைக் கொண்டு வந்தார்.

"பேராவது எழுதுங்க," என்றாள் மனைவி.

"பேர் எழுதினா கேள்வி வரும்."

"கேள்வி வந்தா என்ன? எல்லாருக்கும் வர்றதுதானே இதுவும்."

"நீ சும்மா இரு."

மறுநாள் காலை முதல் தடவையைக் கொட்டினார். இரண்டாவதிலிருந்து கேனில். பையில் போட்டுக் கடைக்குக் கொண்டு வந்தார். குளிர்ச்சியான இடம் கடையில் ஒன்றே ஒன்று: பின்பக்கத்து அறை. வெயில் படாது, ஜன்னல் வடக்கே. அதனால்தான் தின்னரை அங்கே வைத்திருந்தார்கள். பையோடு வைத்தால் யாராவது பைக்குள் என்ன என்று பார்ப்பார்கள். ஆகவே பையிலிருந்து எடுத்து, கேன்களுக்கு நடுவே கேனாக வைத்தார். பார்த்தால் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. திருப்தியாக இருந்தது. கடைசி வரிசை, சுவர் ஓரம் என்று மனதில் குறித்துக்கொண்டார்.

மதியம் வரை காரியம் நன்றாக நடந்தது. அடிக்கடி பின்னறைக்குப் போவதைப் பார்த்துக் கல்லாவில் இருந்த அக்கா மட்டும் ஒரு முறை கேட்டார்.

"என்ன தம்பி, உள்ள புதையல் ஏதாவது வச்சிருக்கியா?"

அக்காதான் கடைக்குச் சொந்தக்காரர். கனத்த உடம்பு. கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். ஆனால் அங்கிருந்தபடியே கடை முழுக்க இருப்பார்.

"தண்ணி நிறைய குடிக்கறேன் அக்கா."

"குடி, நல்லதுதான்."

சாப்பிட்டுவிட்டுப் போனபோது கடைசி வரிசையில், சுவர் ஓரத்தில், ஒரு கேன் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

அவர் ஒவ்வொரு கேனாகத் திறந்து முகர ஆரம்பித்தார். தின்னர். தின்னர். இதுவும் தின்னர். தலை சுற்றியது. வாசலில் அக்காவின் குரல் கேட்டது. எழுந்தே வந்திருந்தார்.

"என்னடா தம்பி, இந்த வயசுல இது என்ன புதுப் பழக்கம்?"

"இல்லக்கா. யாராவது தின்னர் எடுத்துட்டுப் போனாங்களா?"

"ஏணிதான் வந்தான். பில் போட்டேன், அவனே உள்ள போய் எடுத்துட்டுப் போனான். ஏன்?"

ஏணி என்பவர் பெயின்டர். ஏணியில்லாமலே விட்டத்தைத் தொடும் உயரம். வேலையில் நேர்மையான மனிதர், அதனால் முன்வரிசையில் இருப்பதை எடுத்தால் பழசு வரும் என்று எப்போதும் கடைசி வரிசையிலிருந்துதான் எடுப்பார்.

ஷேடு பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே ஏணி வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் கேன். மறு கையில் எனாமல் டப்பா. முகம் முதல் பூச்சுப் பிரைமர் அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது.

"அக்கா, நான் எத்தனை வருஷமா இங்க வாங்கறேன்? என்கிட்டயே இப்படிப் பண்ணலாமா? கேன்ல பாதி கூட இல்ல. சரின்னு ஊத்திக் கலக்கறேன், பால் திரிஞ்ச மாதிரி திரியுது. மேல நுரை வேற. வீட்டுக்காரர் நின்னு பாத்துக்கிட்டே இருக்கார், பெரிய இரும்பு கேட் வேலை, மானம் போச்சு."

கெட்ட நேரம் வந்தால் தனியாக வராது. அன்றைக்குப் பார்த்துப் பெயிண்ட் கம்பெனி ஆபீசர் வந்திருந்தார். கழுத்தில் டையும் கையில் தோல் பையுமாக வந்து, கடை அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நுரை என்ற சொல்லைக் கேட்டதும் திரும்பினார்.

"காட்டுங்க," என்றார்.

டப்பாவுக்குள் பார்த்தார். கேனைத் திறந்தார். அனுபவஸ்தர்கள் செய்வதுபோல இரண்டு விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். ஷேடு கண்ணை மூடிக்கொண்டார்.

"பசையே இல்ல. ஆவியாகவும் மாட்டேங்குது. இது சுத்தக் கலப்படம். நீங்க எங்க கம்பெனித் தின்னர்னு சொல்லி இதை விக்கறீங்க."

"சார், கம்பெனியில இருந்து வந்ததைத்தான் ஊத்தி விக்கறோம்," என்றார் அக்கா. குரல் இறங்கியிருந்தது.

"அதை லேப் சொல்லட்டும். சீல் வச்சு அனுப்பறேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் உங்களுக்குச் சரக்கு கிடையாது."

அக்கா கல்லாவுக்குப் போய் உட்கார்ந்தார். பருவ காலத்தில் சரக்கு நின்றால் கடை என்னாகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஷேடுக்கும் தெரியும். பேசாமல் இருந்தால் அவர் ரகசியம் பிழைக்கும், கடை போகும். கடை போனால் நாற்காலியும் போகும். எந்தப் பக்கம் போனாலும் நாற்காலி போகிறது என்றால், அக்காவின் கடையாவது மிஞ்சட்டும்.

"அது தின்னர் இல்லக்கா," என்றார்.

"பின்ன?"

"என்னோடது."

"உன்னோடதுன்னா? வீட்டு வேலைக்கு எடுத்து வச்சிருந்தியா?"

"வீட்டுக்கு எடுத்தது இல்ல. வீட்ல இருந்து கொண்டு வந்தது. கொஞ்சம் இங்கயும்."

யாருக்கும் புரியவில்லை. அவர் இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"டெஸ்டுக்கு. ஒரு நாள் முழுக்கப் பிடிச்சுக் கொண்டு வரச் சொல்லியிருக்காங்க."

முதலில் புரிந்தது ஆபீசருக்கு. அவர் தன் இரண்டு விரல்களைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலைப் பார்த்தார்.

"தண்ணிக் குழாய் எங்க இருக்கு?" என்றார், வெகு மரியாதையாக.

ஏணிக்குப் புரிய இன்னும் கொஞ்சம் ஆயிற்று. புரிந்ததும் வாயைக் கையால் மூடினார்.

"யோவ், நான் பிரஷ்ஷுல நீட்டிட்டு இருக்கற முடியைப் பல்லாலதான்யா பிடுங்குவேன்."

"இன்னிக்கும் பிடுங்கினியா?" என்று கேட்டார் அக்கா.

"ஒண்ணே ஒண்ணு."

குழாயடியில் இப்போது இரண்டு பேர் நின்றார்கள். சீல் வைக்கும் பேச்சு அதோடு போயிற்று. அக்கா சிரிக்கவில்லை. ஷேடையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிட்னியா?"

"ஆமாக்கா."

"சர்க்கரையா?"

அக்காவின் அண்ணனுக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் போய்விட்டது. அவர் வாரம் தவறாமல் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் கிட்னி என்றால் சர்க்கரை. வேறு காரணம் உலகத்தில் இல்லை. ஷேடு பொய் சொல்லவில்லை. அவர் தலை மட்டும் ஒரு முறை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தது.

"இதைச் சொல்றதுக்கு என்ன வெக்கம்? வீட்டுக்குப் போ முதல்ல. இரு, வண்டிச் சாவியை நான் எடுத்துத் தரேன்."

சாவி மெஷினுக்குக் கீழே அவர் மேஜை இழுப்பறையில் இருந்தது. அக்கா இழுப்பறையை இழுத்தார். சாவியோடு கூட, பாதி காலியான மாத்திரை அட்டைகள் கொத்தாக வந்தன.

"இது என்ன?"

"முதுகு வலிக்குப் போடறதுக்கா."

"தினமுமா?"

"பக்கெட் தூக்கற அன்னிக்கு மட்டும்."

"நீ பக்கெட் தூக்காத நாள் எது?"

சாவிக்குக் கை நீட்டியவரிடம் அக்கா மாத்திரை அட்டையைத்தான் நீட்டினார்.

"எங்கண்ணன்கிட்ட இருந்து டாக்டர் முதல்ல பிடுங்கிப் போட்டது இந்த வலி மாத்திரையைத்தான். கிட்னியை வச்சுக்கிட்டு இதை முழுங்கறியே. இதை உங்க டாக்டர்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல. அவர் மனதில் அது மாத்திரைக் கணக்கிலேயே வரவில்லை. மருந்துக் கடைக்காரர் கேட்காமலே எடுத்து நீட்டுவார். டீ குடிப்பது மாதிரி அதுவும் ஒன்று.

அடுத்த வார விடுமுறை நாளில், வீட்டிலேயே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "ஃப்ரிட்ஜ்ல வச்சீங்கன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்ற மனைவி, ஐஸ் கட்டி போட்ட வாளி ஒன்றைக் கழிவறை வாசலில் வைத்துக் கொடுத்தாள். கேனின் நான்கு பக்கமும், மூடியிலும், கொட்டை எழுத்தில் அவர் பெயரையும் அது என்ன என்பதையும் அவளே எழுதினாள். கிளினிக்கில் வாங்கி வைத்த நர்ஸ், இவ்வளவு தெளிவான கேனைத் தான் பார்த்ததில்லை என்றார்.

டாக்டரம்மாவின் மேஜையில் வலி மாத்திரை அட்டையையும் வைத்தார்.

"வேற மாத்திரை எதுவும் போடறதில்லைன்னு சொன்னீங்களே."

"இது மாத்திரை இல்லையே டாக்டர். வலிக்குப் போடறது."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அந்த ஹெச்.ஐ.வி. மாத்திரை தனியா இருந்தாலே நான் கவனிச்சுக்கிட்டு இருக்கணும். அதுகூட இதையும் தினமும் போட்டா, ஒருத்தனை ரெண்டு பேர் சேர்ந்து அடிக்கற மாதிரி. இன்னியோட இதை விடுங்க. அதையும் கிட்னிக்குத் தொல்லை குறைவா இருக்கற ஒண்ணா மாத்தித் தரேன். முதுகுக்குப் பயிற்சி இருக்கு, சொல்லித் தருவாங்க. எந்தக் கடையில என்ன மாத்திரை வாங்கினாலும் என்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க."

அடுத்தடுத்த பரிசோதனைகளில் புரதம் குறைந்தது. கிரியேட்டினின் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஆனால் ஏறுவதை நிறுத்தியது. "நிக்குது, அது போதும். விடாம பாத்துக்கிட்டே இருப்போம்," என்றார் டாக்டரம்மா. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. வீட்டில், மூன்று கம்பெனி மருந்து வாங்க வைத்ததற்கான தண்டனையாகக் கழிவறை கழுவும் வேலை நிரந்தரமாக அவருக்கு வந்து சேர்ந்தது. நுரை குறைவதைக் கிட்டத்தில் இருந்து பார்க்க அது வசதியாகவும் இருந்தது.

கடையில் வேறு தண்டனை.

"இவருக்கு மட்டும் சர்க்கரை இல்லாம," என்று டீக்காரரிடம் அக்கா உத்தரவு போட்டார். ஷேடு டீயை டீக்காகக் குடிப்பவர் அல்ல, சர்க்கரைக்காகக் குடிப்பவர். முதல் நாள் ஒரு வாய் குடித்ததும் அவர் கண்ணில் தெரிந்த வேதனையைப் பார்த்து, "பழகிடும்" என்றார் அக்கா. பழகவில்லை. கடைக்கு யாராவது மிட்டாய் கொண்டு வந்தால் தட்டு அவரைத் தாண்டிப் போகும். வாடிக்கையாளர் ஒருவர் அவர் கையில் ஒரு மிட்டாயை வைத்தபோது, ஏணி நீண்ட கையை நீட்டிப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"உன் நல்லதுக்குத்தான்," என்றார் மென்றுகொண்டே.

ஏணியின் அன்பு அன்றைய சம்பவத்துக்குப் பிறகு வளர்ந்திருந்தது. ஒரே கேனில் மாட்டிக்கொண்ட பந்தம். தினமும் கசப்பான கதைகளாகக் கொண்டு வருவார்: சர்க்கரையில் கால் போன சித்தப்பா, கண் போன பக்கத்து வீட்டுக்காரர். ஷேடு எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். மாதங்கள் போயின. நாற்காலி பத்திரமாக இருந்தது. அதற்கு விலை சர்க்கரை இல்லாத டீ என்றால் கொடுத்துவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஒரு நாள் ஏணி, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷின் ஒன்றோடு வந்தார். மகள் வாங்கிக் கொடுத்ததாம்.

"கையைக் காட்டு. முதல்ல உனக்குப் பாத்துடுவோம். அப்புறம் எனக்கு, அப்புறம் அக்காவுக்கு."

"ஊசி எத்தனை இருக்கு?" என்று கேட்டார் ஷேடு.

"ஒண்ணுதான் மிச்சம். துடைச்சுட்டுப் போட்டா போச்சு. நம்ம மூணு பேருக்குள்ள என்ன?"

ஷேடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம்."

"ஊசிக்குப் பயமா? எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"வேண்டாம்னா விடு."

ஏணி விடவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் வந்தார். ஷேடு அந்தப் பக்கம் போனார். பிரைமர் அடுக்கை ஒரு சுற்று, சுவரில் பூசும் புட்டி மாவு மூட்டைகளை ஒரு சுற்று என்று இரண்டு பெரிய மனிதர்கள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். ஏணிக்குக் கை நீளம். மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஷேடு அந்த ஊசியைப் பிடுங்கி, பக்கத்தில் திறந்து கிடந்த கறுப்புப் பெயிண்ட் பக்கெட்டில் போட்டார். அது சத்தமில்லாமல் மூழ்கியது.

ஏணி பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"நல்லது செய்யறவனுக்கு இதான் மரியாதை," என்றார். மெஷினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அக்கா கல்லாவில் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"நீ ஊசிக்குப் பயப்படற ஆளில்ல. மாசா மாசம் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போறவன். என்ன விஷயம்?"

இன்னொரு பொய் சொல்லலாம். நாளைக்கு ஏணி புது ஊசி வாங்கி வருவார். அதையும் மற்றவர்களுக்கும் குத்துவார். இந்தப் பொய் இத்தோடு நிற்காது. ஷேடு தன் நாற்காலியைப் பார்த்தார். பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் போய் நின்று, குரலைத் தாழ்த்தி, முதலிலிருந்து சொன்னார். நோயின் பெயரை. மாத்திரையை. அந்தப் பழைய கடையின் டம்ளரை.

அக்கா கேட்டுக்கொண்டே ஒரு டப்பா மூடியை ரப்பர்ச் சுத்தியலால் தட்டித் தட்டி மூடினார். அது ஏற்கனவே மூடித்தான் இருந்தது.

"அப்ப உனக்குச் சர்க்கரையே இல்ல?"

"இல்லக்கா."

"எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல?"

"இல்ல."

"அடப்பாவி. எங்க வீட்ல பாயசம் வைக்கும்போதெல்லாம் உன் பங்கை வேணும்னே கொண்டு வராம இருந்தேன். பாவம், பாத்தா ஏங்குவானேன்னு." சுத்தியலைக் கீழே வைத்தார். "நான் உன்னை நாற்காலியை விட்டு எழுப்பிடுவேன்னு நினைச்சியா?"

அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

"இந்தக் கடையில என்னைத் தவிர எல்லாரையும் உக்கார வைக்க நாற்காலி இருக்கு. எனக்குத்தான் இதுல இடம் பத்தல. உன் நாற்காலியை எடுத்து நான் என்ன பண்ணப் போறேன்? போய் உக்காரு." கொஞ்சம் பொறுத்து, "ஊசியைப் பிடுங்கிப் போட்ட பாரு. அது சரி," என்றார்.

"ஏணிகிட்ட மட்டும்..."

"அவன்கிட்ட சொன்னா, ஏணியில நின்னுக்கிட்டே ஊரைக் கூட்டிச் சொல்லுவான். கெட்ட எண்ணம் இருக்காது, வாய்தான் நிக்காது. நீயா என்னிக்குச் சொல்லணுமோ சொல்லிக்க. ஆனா ஒருத்தர் விரல்ல குத்தின ஊசியை இன்னொருத்தருக்குக் குத்தக் கூடாதுன்னு நான் அவன்கிட்ட சொல்லிக்கறேன். அதுக்கு நோயே வேணாம், புத்தி இருந்தா போதும்."

மிச்சம் இருந்தது டீ விவகாரம்.

"சர்க்கரை சரியாயிடுச்சுன்னு சொல்லிடலாமாக்கா?"

"சர்க்கரை எங்கடா சரியாகும்? ஏணி மறுபடியும் சித்தப்பா கால் கதையை எடுத்துட்டு வருவான்."

ஆக ஊருக்கு அவர் சர்க்கரை நோயாளியாகவே இருக்க வேண்டியதாயிற்று. மறுநாள் அக்கா வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் சர்க்கரை கொண்டு வந்தார். பெயிண்ட் படாத புது சாம்பிள் டப்பா ஒன்றில் கொட்டி, மூடி, மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். டீக்காரர் போன பிறகு இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கிக்கொள்ள வேண்டியது. ஷேடு டப்பாவை எடுத்துப் பார்த்தார். மூடி வெறுமையாக இருந்தது. சட்டம் சட்டம்தான். ஒரு முறை பட்டது போதும். சர்க்கரையின் வெள்ளை அந்த வெள்ளை மூடியில் தெரியாது. கார்டில் இரண்டாவது பக்கம், மேலிருந்து மூன்றாவது ஷேடில் ஒரு துளி எடுத்து மூடியின் மேல் பொட்டு வைத்தார்.

ஏணியின் கோபம் ஒரு வாரம் தாங்கியது. பிறகு தின்னர் வாங்க வந்தார். அக்காவின் ஏற்பாட்டில் இப்போது முன்வரிசையிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு முறை முகர்ந்தும் பார்த்துக்கொண்டார். பேனா தேடுகிற சாக்கில் ஷேடின் மேஜை இழுப்பறையை இழுத்தவர், கையை அப்படியே நிறுத்தினார்.

"இது என்னய்யா டப்பா?"

ஷேடு டீயிலிருந்து நிமிர்ந்தார். "அது விக்கறது இல்ல. என்னோடது."

ஏணி மூடியின் மேல் இருந்த வெளிர் மஞ்சள் பொட்டை உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு விரலால் இழுப்பறையை மெதுவாகத் தள்ளி மூடிவிட்டு, குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.